உரியும் உழக்கும் சேர்ந்தால் எவ்வளவு?

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், போன வாரம் வீட்டுப்பாட நோட்டில் 1/2 + 1/4 = 2/6 என்று எழுதியிருந்தாள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். அவள் வயதில் நானும் இப்படித்தான் எழுதினேன். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. ‘மீச்சிறு பொது மடங்கு எடு’ என்றார்கள், எடுத்தேன். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

"2/6 என்றால் மூன்றில் ஒன்று. உன்னிடம் அரை லட்டு இருக்கிறது, நான் இன்னும் கால் லட்டு தருகிறேன். இருந்ததைவிடக் குறைந்துபோகுமா?" என்று கேட்டேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

பரணிலிருந்து அப்பாயியின் பித்தளை அளவைகளை இறக்கினேன். படி. அதில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. உரி நிறைய அரிசி, உழக்கு நிறைய அரிசி. "இரண்டும் சேர்த்து எவ்வளவு?" "ரெண்டு." "ரெண்டு என்ன?" அதற்குப் பதில் இல்லை. உரி அரிசியை உழக்கால் அளக்கச் சொன்னேன். இரண்டு உழக்கு வந்தது. மொத்தம் மூன்று உழக்கு, படிக்கு நான்கு உழக்கு, ஆக 3/4. அப்புறம் ஓர் ஆழாக்கையும் சேர்த்தோம். இப்போது உழக்கு உதவாது, எல்லாவற்றையும் ஆழாக்கால்தான் அளக்க வேண்டும்: 4 + 2 + 1. படியில் 7/8. பகுதியை, அதாவது பின்னத்தின் கீழே உள்ள எண்ணை, சமமாக்குவது என்றால் இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கிற ஒரே பாத்திரத்தைத் தேடுவது.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் இதற்கென்றே பெயர்கள் இருந்தன. மா என்பது 1/20, மாகாணி 1/16. இன்றைக்கு அதைக் கூட்டச் சொன்னால் பெரியவர்களே தயங்குவார்கள். ஆனால் காணி 1/80. மாவுக்கு நாலு காணி, மாகாணிக்கு அஞ்சு காணி, கூட்டினால் ஒன்பது காணி. அவ்வளவுதான்! இன்னும் சின்னதாக 1/320க்கு முந்திரி. எவ்வளவு அழகான ஏற்பாடு.

ஆனால் 320ஐ மூன்றால் மீதியில்லாமல் வகுக்க முடியாது. எங்கள் பித்தளைப் பாத்திரங்களிலும் மூன்றில் ஒன்று கிடையாது. 1/3 + 1/4 வந்ததும் அரிசியை மூடிவைத்துவிட்டு, ஒரு டஜன் கண்ணாடி வளையலை எடுத்தோம். மூன்றில் ஒரு பங்கு நாலு வளையல், காலுக்கு மூன்று. ஏழு. 7/12.

1/6 + 1/4க்கு அவள் 24 எடுத்து, 10/24 என்று போட்டாள். 12 போதும் என்றாலும் 24 தப்பில்லை, பாத்திரம் கொஞ்சம் சின்னது, எண்ணிக்கை கூடுதல். சுருக்கினால் அதே 5/12.

நேற்று ராத்திரி 1/3 + 2/5. நான் வாய் திறக்குமுன்னே அவள் வளையல் பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

"டஜன் பத்தாதும்மா. பதினஞ்சு வளையல் வேணும்."