க்ரீம் வைத்துக்கொண்டு க்ளினிக் போகாதீர்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் அரசு க்ளினிக்கில் காசு வாங்குவதில்லை, வாங்குவது முழுக் காலையையும்தான். வெள்ளைப்படுதலுக்காக இரண்டு நடை, அதில் முதல் நடை சுத்த வீண். முந்தின இரவு வைத்த க்ளோட்ரிமஸோல் என்ற பூஞ்சைக் க்ரீம்தான் காரணம். க்ரீம் கிடக்கும் இடத்தில் கசிவின் நிறமும் தெரியாது, வாடையும் பிடிபடாது. மாதவிலக்கு நாளில் போனாலும் இதே கதைதான். ரத்தம் பட்டால் அமிலத்தன்மை பார்க்கும் தாளும் தப்பாகக் காட்டும்.

கவுண்டரில் பின்னால் நிற்பவர் காதில் விழ "என்ன பிரச்சினை?" என்பார்கள். "சிஸ்டரிடம் சொல்லிக்கொள்கிறேன்" என்றால் போதும்.

உள்ளே லேப் டெஸ்ட் எடுப்பார்கள் என்று நம்பிப் போகவேண்டாம். இங்கே ஆரம்பச் சுகாதார முறையே அறிகுறியைக் கேட்டு மருந்து கொடுப்பதுதான். அதனால் "வெள்ளை படுது சிஸ்டர்" என்று மட்டும் சொன்னால் கையில் வருவது பாதி நேரம் தப்பு மருந்து. தயிர்த்திப்பி மாதிரி கெட்டியாக, அரிப்பு உயிரை எடுக்க, வாடை இல்லாமல் வந்தால் பூஞ்சை. அதற்கு க்ளோட்ரிமஸோல் 500 மி.கி. மாத்திரை ஒன்றை இரவில் உள்ளே வைத்தால் பெரும்பாலும் போதும். தண்ணியாக, சாம்பல் நிறத்தில், மீன் வாடையோடு, அதுவும் உறவுக்குப் பிறகு கூடினால் அது பாக்டீரியா. இதற்கு எத்தனை ட்யூப் தடவினாலும் பிரயோசனமில்லை, மெட்ரோனிடஸோல் என்ற மாத்திரைதான் வேண்டும். மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ், உறவில் தொற்றும் ஒட்டுண்ணி. அதற்கும் மெட்ரோனிடஸோல்தான், ஆனால் வீட்டுக்காரரும் சாப்பிடவேண்டும். அவருக்கென்று சிஸ்டர் ஒரு சீட்டு கொடுப்பார். அது கைப்பையிலேயே கிடந்தால் நோய் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்.

வாடையைச் சொல்லத்தான் எல்லோருக்கும் நாக்கு எழாது. முதலில் சொல்லவேண்டியதே அதுதான்.

வீட்டில் பெரியம்மாக்கள் "உடம்புச் சூடு" என்று வெந்தயமும் மோரும் கொடுப்பார்கள், குடிக்கலாம், கெடுதல் இல்லை. டெட்டால் கலந்த தண்ணீரால் உள்ளே கழுவுவதுதான் கெடுதல். காவல் நிற்கும் நல்ல கிருமிகளையும் அது கொன்றுவிடும். பூஞ்சை வருடத்தில் மூன்று நான்கு தடவை வந்தால் ட்யூபை விட்டுவிட்டு சர்க்கரையைப் பாருங்கள். நம் ஆட்களிடம் சர்க்கரைக்குப் பஞ்சமா? சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாக்ளிஃப்லோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது அடிக்கடி வரும்.

அடிவயிற்று வலி, காய்ச்சல், நாள் தள்ளிப்போனது, கர்ப்பம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் கடை மருந்து வேண்டாம், அன்றைக்கே காட்டவேண்டும். கர்ப்பம் என்றால் பூஞ்சைக்கு வாயில் போடும் ஃப்ளூகோனஸோல் மாத்திரை கூடாது.

இரண்டாம் நடையில் கிடைத்தது மெட்ரோனிடஸோல் 400 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 7 நாள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டாலும் வாயில் இரும்புச் சுவை நிற்கும். மது ஆகாது. மூன்றாம் நாளே வாடை போய்விடும். அப்போது பொட்டலத்தில் இன்னும் 8 மாத்திரை பாக்கி இருக்கும். அதையும் முடிக்கவேண்டும்.