தேரியில் ஒரு சில்லு

நேற்று அத்தையோடு திருநெல்வேலி மாவட்டத்துக் குட்டம் தேரிக்கு, அதாவது செம்மணல் மேட்டுக்குப் போனேன். செம்மணலில் வெள்ளையாக ஒரு கல் சில்லு, கட்டைவிரல் நகம் அளவு. ஓர் ஓரம் பிளேடு மாதிரி.

"கல்லு பொறுக்கவால இம்புட்டு தூரம் வந்த?"

இந்தத் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளை, அதாவது கற்கால மனிதர்கள் செய்த சின்னக் கல் கருவிகளைப் பற்றி 1956-லேயே சாய்னர், ஆல்ச்சின் என்ற தொல்லியல் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் குவார்ட்ஸ், செர்ட் என்ற கல் வகைகள்தான். சின்னச் சில்லைத் தனியாக வைத்து என்ன செய்ய? நாலைந்தை வரிசையாகக் கம்பிலோ எலும்பிலோ செருகி, பிசின் வைத்து ஒட்டினால் வேட்டைக்கு ஆயுதம் ரெடி. ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். (எங்கள் வீட்டு மிக்ஸிக்கு இந்த வசதி கிடையாது.)

எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

"அத ஏன் போட்ட? கருப்பட்டி சுரண்ட ஆவும்லா" என்றாள் அத்தை.