பம்ப்பிங் நார்மல், ஆனாலும் மூச்சு வாங்குகிறதா?

இதயச் செயலிழப்போடு (உடலுக்குத் தேவையான இரத்தத்தைக் கொடுக்க இதயம் திணறும் நிலை; இதயம் நின்றுபோவது அல்ல) எங்களிடம் வரும் பெண்கள் பலர் முதலில் சொல்வது "ஒரே அசதி" என்பதைத்தான். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். மாடி ஏறுவதையே விட்டு மாதக்கணக்காகியிருக்கும். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கிறோம்: ஆறு மாதத்துக்கு முன் செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை? விஷயம் அங்கேதான் வெளிவரும்.

அடுத்தது தூக்கம். படுக்க வைத்துக்கொள்ளும் தலையணை கூடியிருக்கிறதா, படுத்ததும் வறட்டு இருமல் வருகிறதா, நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்தால்தான் மூச்சு சீராகிறதா? குனிந்து காலணி மாட்டும்போது அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுவதும் இதயச் செயலிழப்பின் அறிகுறிதான். கேட்காமல் யாரும் இதைச் சொல்வதில்லை.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடலில் நீர் கோத்திருக்க வாய்ப்பு அதிகம். முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் 5 விநாடி அழுத்திப் பாருங்கள்; விரலை எடுத்தபின் குழி அப்படியே நின்றால் அதையும் எழுதுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்குப் போடும் அம்லோடிபின் தானாகவே கால்களை வீங்க வைக்கும். மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் உப்பையும் நீரையும் தேக்கி நிலைமையை மோசமாக்கும்.

கோட்டை விடும் இடம் பரிசோதனை. ஹீமோகுளோபின் குறைவு என்று தெரிந்ததும் தேடல் நின்றுவிடுகிறது. இல்லையென்றால் மாதவிடாய் நிற்கும் வயது, மனப்பதற்றம் என்று முடித்துவிடுகிறார்கள். எக்கோவில் (இதயத்தின் ஸ்கேன்) பம்ப்பிங், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு, 60 சதவீதம், நார்மல் என்று வந்தாலும் இதயச் செயலிழப்பு இருக்கலாம். பெண்களிடம் அதிகம் காணும் வகையில் இதயம் நன்றாகவே சுருங்கும். தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் திணறும். ஆகவே டயஸ்டாலிக் செயல்பாடு (இதயம் தளர்ந்து நிரம்பும் விதம்) எப்படி, இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா என்று கேளுங்கள். என்டி-ப்ரோபிஎன்பி (இதயம் சிரமப்படும்போது இரத்தத்தில் கூடும் பொருள்) இரத்தப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 125 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் வாய்ப்பு குறைவு. ஆனால் உடல் பருமன் உள்ளவர்களுக்கு அந்த அளவு இயல்பாகவே தாழ்ந்திருக்கும்; அதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

கர்ப்பகால இரத்த அழுத்தம், மார்பகப் புற்றுநோய்க்கு எடுத்த டாக்ஸோரூபிசின், டிராஸ்டுஸுமாப் சிகிச்சை ஆகியவை பின்னாளில் இதயத்தைப் பாதிக்கலாம்; பழைய கதை என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலும் பிரசவத்துக்குப் பின் 5 மாதம் வரையிலும் இதயத் தசை பலவீனமடையலாம். பால் கொடுக்கும் களைப்பு என்று நினைத்த பெண்ணுக்கு மல்லாந்து படுக்க முடியவில்லை என்றால் அன்றே எக்கோ எடுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.