எல்லையில் நின்ற மேப்பிள்: ரொறன்ரோவில் மரம் வெட்ட அனுமதி எடுத்த அனுபவம்

2022 மே 21, சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கும் நேரம் வானம் திடீரென்று கறுத்தது. அந்தப் புயல் எங்கள் தெருவில் சில நிமிடங்கள்தான் நின்றிருக்கும். ஆனால் தெற்கு ஒன்ராறியோ முழுவதையும் உலுப்பிவிட்டுப் போனது. ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் பின்வளவில் நின்ற சில்வர் மேப்பிளின் பெரிய கொப்பு ஒன்று முறிந்து ஷெட் கூரையில் விழுந்தது. முதல் நாள் பின்னேரம் பிள்ளைகள் இருவரும் அதே இடத்தில்தான் விளையாடினார்கள்.

அம்மா யன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னா: "தம்பி, உந்த மரத்தை வெட்டிப்போடு. இனி எனக்கு நித்திரை வராது."

எனக்கும் அதே எண்ணம்தான். மரம் வெட்டுகிற ஒருவருடைய தொலைபேசி எண் தெரிந்தவர் மூலம் கிடைத்தது. அவர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "பேர்மிட் ஒன்றும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வந்து அரை நாளில் முடித்துத் தருகிறேன், காசாகத் தந்தால் குறைத்துச் செய்யலாம்" என்றார். என் வளவு, என் மரம், இதில் யாரைக் கேட்பது என்றுதான் நானும் நினைத்தேன். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர்தான் தடுத்தார். "முதலில் மரத்தை அளந்து பார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ரொறன்ரோ மாநகரசபையின் விதி இதுதான். தனியார் காணியில் நின்றாலும், நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் தண்டின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், அனுமதி இல்லாமல் அந்த மரத்தை வெட்டவோ காயப்படுத்தவோ கூடாது. வேரை வெட்டுவதும் காயப்படுத்துவதுதான். மீறினால் ஒரு மரத்துக்குக் குறைந்தது 500 டொலர், கூடியது ஒரு இலட்சம் டொலர் வரை அபராதம். தெருவோரம் மாநகரசபை நட்ட மரமென்றால் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தொட முடியாது. வீட்டுக்கு முன்னால் புல்தரையில் நிற்பது நம்முடைய மரம் என்று பலர் நினைக்கிறார்கள். அநேகமாக அது மாநகரசபையின் மரமாகத்தான் இருக்கும். அதையும் முதலே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாதாரண நாடாவால் விட்டத்தை நேரே அளக்க முடியாது. சுற்றளவை அளந்து 3.14ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 94 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே விதிக்குள் வந்துவிடும். அம்மாவின் தையல் நாடா 150 சென்ரிமீற்றர். அது மரத்தைச் சுற்றி வரவில்லை. ஊசி குத்தி அடையாளம் வைத்து இரண்டாம் தரமும் பிடிக்க வேண்டியிருந்தது. மொத்தம் 213. அதாவது விட்டம் கிட்டத்தட்ட 68.

மரம் செத்துவிட்டது, தீராத நோய் பிடித்துவிட்டது, அல்லது உடனே விழும் ஆபத்தில் நிற்கிறது என்றால் வழி சுலபம். படங்களையும் ஆபரிஸ்ட் எனப்படும் மர நிபுணரின் கடிதத்தையும் அனுப்பி விதிவிலக்குக் கேட்கலாம். என் மரத்தையும் அதில் சேர்த்துவிடலாம் என்றுதான் நம்பினேன். ஆபரிஸ்ட் அப்படிச் சொல்லவில்லை. கொப்பு முறிந்த இடத்துக்குக் கீழே தண்டு உள்ளே உக்கியிருக்கிறது, இரண்டு பெரிய கவர்க்கொப்புகள் சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறது, சில வருடங்களில் இது பிரச்சினையாகும், ஆனால் நாளைக்கே விழும் மரம் என்று நான் எழுதித் தரமாட்டேன் என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அவர் உள்ளதை உள்ளபடி எழுதியதால்தான் பிறகு எந்த இடத்திலும் எங்களுக்குத் தடங்கல் வரவில்லை.

போகும்போது அவர் வேலியைக் காட்டி இன்னொன்று கேட்டார். "இந்த மரம் உங்களுடையதுதானா?"

அதுவரை நான் கவனிக்காத விஷயம் அது. கம்பி வேலி இரண்டு பக்கத்திலிருந்தும் மரத்தில் வந்து முடிந்தது. பழைய கம்பி தண்டுக்குள் புதைந்து, மேலே பட்டை மூடியிருந்தது. வீடு வாங்கியபோது தந்த கடதாசிக் கட்டுக்குள் தேடி நில அளவை வரைபடத்தை எடுத்தேன். அடிக்கணக்கில் போட்ட பழைய வரைபடம். அதன்படி அளந்து பார்த்தால் எல்லைக்கோடு தண்டுக்குள்ளால் போனது. மூன்றில் ஒரு பங்கு பக்கத்து வீட்டு நிலத்தில்.

ஒன்ராறியோவின் வனச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இரண்டு காணிகளின் எல்லையில் தண்டு வளர்ந்திருந்தால் அந்த மரம் இரு சொந்தக்காரருக்கும் பொதுச் சொத்து. ஒருவர் மற்றவரின் சம்மதமில்லாமல் அதை வெட்டுவதோ சேதப்படுத்துவதோ குற்றம். ஆரம்பத்தில் எந்தப் பக்கத்தில் நட்டார்கள் என்பதல்ல கேள்வி, இன்றைக்குத் தண்டு எங்கே நிற்கிறது என்பதுதான். ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்து வெட்டியிருந்தால் மாநகரசபைக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டாருக்கும் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். வேலிச் சண்டையில் இரண்டு தலைமுறை கதைக்காமல் இருந்த குடும்பங்களை இலங்கையில், எங்கள் ஊரில் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த நினைப்பே வயிற்றைக் கலக்கியது.

பக்கத்து வீட்டில் இருப்பவர் எண்பது வயது தாண்டிய அம்மையார், இத்தாலியில் பிறந்தவர், தனியாக இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "என் கணவர் இருந்தபோது குருவிகளுக்குத் தீனி வைத்த மரம். நான் இருக்கும்வரை நிற்கட்டும்" என்றார். அதற்குமேல் கதைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கிழமை சும்மா இருந்தேன். பிறகு ஆபரிஸ்ட்டை மறுபடி வரவழைத்து, அம்மையாரின் வளவுப் பக்கத்தில் நின்றே விளக்கச் சொன்னேன். ஆபரிஸ்ட் மரச்சுத்தியலால் தண்டைக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டு போனார். நல்ல இடத்தில் இறுக்கமான சத்தம். வெடிப்புக்குக் கிட்ட வந்ததும் வெறும் பானையைத் தட்டியதுபோல் கேட்டது. அம்மையார் சுத்தியலை வாங்கித் தானும் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். அன்றைக்கே சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

அதன்பிறகு கடதாசி வேலைதான். விண்ணப்பப் படிவம், ஆபரிஸ்ட்டின் அறிக்கை, படங்கள், வீடும் மரமும் எல்லையும் காட்டும் வரைபடம், சம்மதக் கடிதம், கட்டணம். கட்டணம் வருடத்துக்கு வருடம் மாறும். கட்டட வேலைக்காக வெட்டுவதென்றால் கட்டணம் அதிகம். மாநகரசபையின் 311 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் உங்கள் பகுதிக்குரிய மரப் பாதுகாப்புப் பிரிவுக்கு வழிகாட்டுவார்கள். என் அறிக்கையில் தண்டு எந்தப் பக்கம் எவ்வளவு நிற்கிறது என்ற அளவு விடுபட்டிருந்தது. அதை மட்டும் கேட்டு ஒருதரம் திருப்பி அனுப்பினார்கள். பிறகு மாநகரசபை ஆள் ஒருவர் வந்து பார்த்தார்.

செத்த மரமாக இல்லாததால் வீட்டுக்கு முன்னால் 14 நாள் அறிவித்தல் பலகை வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் ஆட்சேபிக்க விரும்பினால் ஆட்சேபிக்கலாம். தெருவால் நாயைக் கூட்டிப் போகும் ஒருவர் கதவைத் தட்டி ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டார். அறிக்கையைக் காட்டினேன். வாசித்துவிட்டு, கவலையாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு மரத்துக்காக முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தட்டுகிற ஊர் இது.

இவ்வளவு இறுக்கம் ஏன் என்று அந்த நாட்களில்தான் தேடி வாசித்தேன். ரொறன்ரோவின் மரங்களில் பாதிக்கு மேல் தனியார் காணிகளில்தான் நிற்கின்றன. 2050க்குள் நகரத்தின் 40 சதவீதத்துக்கு மர நிழல் வேண்டும் என்பது மாநகரசபையின் இலக்கு. 2007இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு நகரத்தின் ஆஷ் மரங்களில் பெரும்பாலானவற்றைக் கொன்று தீர்த்தது. 2013 டிசம்பர் பனிக்கட்டி மழையில் முறிந்தவை வேறு. எங்கள் தெருவில் அந்த இருட்டு நாட்களில் கொப்புகள் வெடித்து விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தன் விருப்பத்துக்கு வெட்டினால் நிழல் எங்கிருந்து வரும்?

அம்மாவுக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. ஊரில் அப்பா சொந்த வளவுப் பலாவை வெட்ட விதானையார் எனப்படும் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்துக்கும் நடந்ததை நினைவுபடுத்தினா. உண்மைதான். இலங்கையில் 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. சோறு போடும் மரங்கள் என்பதால் வந்த சட்டம். இங்கே நிழலுக்காக.

விண்ணப்பித்து ஒன்பது கிழமையில் அனுமதி வந்தது. இரு வீட்டுக்கும் பொதுவான மரம் என்பதால் இரண்டு வளவிலும் ஒவ்வொரு பெரிய நிழல் மரம் நட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நட இடமில்லையென்றால் ஒரு மரத்துக்கு 583 டொலர் கட்டலாம் என்றார்கள். இடம் இருந்ததால் நாங்கள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. குருவிக்கூடு இருக்கும் காலம் முடியட்டும் என்று ஆபரிஸ்ட் சொன்னதால் நவம்பர் வரை பொறுத்தோம். வெட்டும் நாளில் அனுமதிப் பத்திரத்தை வெளியில் தெரியும்படி ஒட்டி வைக்க வேண்டும். அம்மையார் தன் சமையலறை யன்னலில் இருந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். நடுத்தண்டில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. பழைய கம்பி வேலி அதற்குள் துருப்பிடித்துக் கிடந்தது.

அடுத்த வசந்தத்தில் இரண்டு செங்கருவாலிக் கன்றுகள் நட்டோம். ரெட் ஓக் என்று கேட்டால் நேர்சரியில் தருவார்கள். குழி வெட்டுவதற்கு முன் வரைபடத்தை விரித்து வைத்து, எல்லையிலிருந்து எங்கள் பக்கம் மூன்று மீற்றர், அம்மையார் பக்கம் மூன்று மீற்றர் அளந்து குச்சி நட்டேன். அம்மா அரிசி கழுவின தண்ணீரை எங்கள் கன்றுக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தை வேலிக்கு மேலால் அம்மையாரிடம் கொடுப்பா.