ரிட்டர்ன் லோடு

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று பதினோரு வருடம் இருந்தது. உள்ளே ரெண்டு கைப்பிடி ராமேஸ்வரத்து மணல். தங்கச்சிக்கு வரன் தட்டிக்கொண்டே போன காலத்தில் அப்பா நேர்ந்துகொண்டு எடுத்து வந்தது. மணலைப் பிரயாகையில் கரைத்து, காசியில் விசுவநாதரைப் பார்த்து, கங்கைத் தீர்த்தம் கொண்டுபோய் ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். தங்கச்சி மகன் இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறான். அப்பா தவறி ரெண்டு வருடம் ஆகிறது. முடிச்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டுவார். காட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா காசிக்குப் போகாத ஆள் இல்லை. சங்ககிரியில் முப்பது வருடம் லைன் வண்டி, அதாவது வெளிமாநிலம் போகும் லாரி, ஓட்டியவர். சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு காசிக்கு எத்தனையோ நடை போயிருக்கிறார். அப்போது அது ஏழாம் நம்பர் ரோடு. ஒரு முனை காசி, மறு முனை கன்னியாகுமரி, 2,369 கிலோமீட்டர், நடுவில் நம்ம சேலம். "சாமிக்குன்னே போட்ட ரோடு" என்பார். இப்போது நம்பர் எல்லாம் மாறி, பெரும்பகுதி 44-க்குள் போய்விட்டது. அத்தனை நடை போயும் விசுவநாதரைப் பார்த்ததில்லை. லோடு இறக்குவது ஊருக்கு வெளியே. குளித்து, உள்ளே போய், வரிசையில் நின்று வருவதற்குள் ரிட்டர்ன் லோடு கைவிட்டுப் போய்விடும். காலி வண்டியோடு ரெண்டாயிரம் கிலோமீட்டர் திரும்பினால் டீசல் காசுக்கே கட்டாது. கங்கைப் பாலத்தில் வண்டியை நிறுத்தாமலே ஜன்னல் வழியாக ஒரு ரூபாய் போட்டுக் கும்பிடுவதோடு சரி.

எப்படிப் போவது என்பதில்தான் மூன்று மாதம் ஓடியது. மாமா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டார். முதல் யோசனை கார். நாலு வழிச்சாலைதான், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போகலாம், லக்னாதோன் தாண்டி ஜபல்பூர்ப் பக்கம் பிரிந்தால் போதும் என்றார். மூன்று பகல், ரெண்டு இரவுத் தங்கல். கண்ணை மூடிக்கொண்டு போவது யார் என்று கேட்டேன். எனக்குக் கோயமுத்தூர் தாண்டி வண்டி ஓட்டிப் பழக்கமில்லை.

அப்புறம் யாத்திரை பஸ். சமையல்காரரோடு போகிறார்கள், காசி, கயா, அயோத்தி எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும், செலவும் குறைவு. ஆனால் அம்மாவின் முட்டி பதினைந்து நாள் பஸ் சீட்டைத் தாங்காது. அடுத்து விமானம். கோவையிலிருந்து நேராக இல்லை. பெங்களூருவில் மாறினால் அங்கிருந்து ரெண்டரை மணி நேரம்தான். காலையில் கிளம்பினால் மாலை ஆரத்திக்குக் கங்கைக் கரையில் நிற்கலாம். ஆளுக்கு ரூ. 9,000-க்கு மேல் காட்டியது. ரயிலில் மூன்றடுக்கு ஏசிக்கு அதில் நாலில் ஒரு பங்குதான். ஆனால் சென்னை போய் மாற வேண்டும், அதற்குமேல் ரெண்டு ராத்திரி. முன்பெல்லாம் 58 வயதைத் தாண்டிய பெண்களுக்குப் பாதி டிக்கெட்தான். 2020 மார்ச்சோடு அந்தச் சலுகையும் நின்றது.

நடுவில் மாமா, "இத்தனை கஷ்டம் எதுக்குங்கக்கா, காசியில் வாசி அவிநாசின்னு பெரியவங்களே சொல்லி வெச்சிருக்காங்க, ஒரு மணி நேரத்துல அவிநாசி போய்ட்டு வந்தர்லாம்" என்றார்.

"வாசின்னா பாதி தம்பி. மீதிப் பாதிக்கு எங்க போறது?"

மாமா நோட்டை மூடிவிட்டார். கடைசியில் அம்மாவே தீர்த்து வைத்தார். போகும்போது ரயில், வரும்போது விமானம். "பறந்து போனா அவரு போன ஊரு ஒண்ணுகூடக் கண்ணுல படாதே" என்றார்.

டிக்கெட் கதையைத் தனியாக எழுதலாம். முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தோம். கங்கா காவேரியில் நாங்கள் கேட்ட தேதிக்கு வண்டி இல்லை. பீகார்ப் பக்கம் போகும் வேறொரு வண்டியில் கிடைத்தது, கீழ்ப் படுக்கை இல்லாமல். ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை, அங்கிருந்து அந்த வண்டி. லீவு முடிந்து திரும்பிய ஒரு பட்டாளத்துத் தம்பி, கேட்காமலேயே தன் கீழ்ப் படுக்கையை அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தான். அம்மா அவன் கையில் வீட்டுப் பலகாரம், நாலு கச்சாயத்தை வைத்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி தெரியாது, ஆனாலும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

நாக்பூர் வந்தபோது அம்மா ஜன்னலை விட்டு நகரவே இல்லை. "இங்கதான் உங்கப்பாவுக்கு டயர் வெடிச்சு ரெண்டு நாள் கெடந்தாரு." ஜபல்பூரில், "இங்க டீ நல்லாருக்கும்னு சொல்லுவாரு." இறங்கி வாங்கி வந்தேன். சுமார்தான். அம்மா மிச்சம் வைக்காமல் குடித்தார். கட்னியைத் தாண்டியதும் பெட்டிக்குள் டிக்கெட் இல்லாத கூட்டம் ஏறி, நடைபாதை முழுக்க ஆட்களும் மூட்டைகளும். கழிப்பறைக்குப் போக அம்மா பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. வண்டியும் அஞ்சு மணி நேரம் தாமதம். விமானத்திலேயே போயிருக்கலாமோ என்று நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை.

பிரயாகையில் படகுக்காரர் கரையில் ஒரு விலை சொன்னார், நடு ஆற்றில் ஒரு விலை சொன்னார். பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் தேங்காயை நீட்டினார், இன்னொருவர் கோதானம் என்றார், மூன்றாமவர் பாலை ஊற்றியே விட்டுக் காசு கேட்டார். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தை அப்பா சொல்லிக்கொடுத்த 'கித்னா'. அதைக் கேட்டுவிட்டு, பதிலுக்குச் சங்ககிரித் தமிழில் ஒரு பிடி பிடித்தார். பாதி விலைக்கு இறங்கிவிட்டார்கள்.

யமுனையின் பச்சையும் கங்கையின் மண் நிறமும் சேருகிற இடத்தில் முடிச்சை எடுத்தோம். அவிழவே இல்லை. பதினோரு வருடத்துச் சூடப்புகையில் துணி இறுகிக் கிடந்தது. நான் கத்தியை எடுத்தேன். அம்மா தடுத்துவிட்டுப் பல்லால் கடித்து இழுத்தார். கட்டினவர் லாரிக்காரர் அல்லவா, தார்ப்பாய்க் கயிறு மாதிரி கட்டியிருக்கிறார். கடைசியில் அவிழ்ந்தது. வறண்ட மணலுக்குள் அரிசி அளவில் ஒரு சங்குச் சிப்பி. அம்மா அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாரோ என்று நினைத்தேன். மணலோடு அதையும் விட்டார். துணியை மட்டும் அலசிப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

அங்கிருந்து காசி 120 கிலோமீட்டர் சொச்சம், வாடகைக் கார். அனுமன் கட்டத்துக்குப் பக்கத்தில் தங்கினோம். பாரதியார் சிறுவயதில் அத்தை வீட்டில் தங்கியிருந்த பகுதி. சந்தில் தமிழ் காதில் விழும். கால பைரவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு விசுவநாதர் வரிசையில் நின்றோம்.

போனை வைக்க லாக்கர் கேட்டால் முன்னூறு ரூபாய்த் தட்டு வாங்கினால்தான் தருவேன் என்கிறார் கடைக்காரர். "அம்மா, தமிழா? சீக்கிரம் தரிசனம் வேணுமா?" என்று கையைப் பிடித்து இழுக்கிறார் ஒருவர். வரிசையில் முழங்கையால் இடிக்கிறார்கள். 2021 டிசம்பரில் திறந்த புது வளாகம் கங்கைக் கரை வரைக்கும் விசாலமாக இருக்கிறது, ஆனால் கருவறை வாசல் பழைய வாசல்தானே. அங்கே நம் கால் தரையில் படுவதில்லை. கூட்டமே தூக்கிக்கொண்டு போகிறது.

உள்ளே நுழைந்ததும் அம்மாவைக் காணவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. சாமியைப் பார்ப்பதா, அம்மாவைத் தேடுவதா? குனிந்து பார்த்தால், ரெண்டு பேர் காலுக்கு நடுவில், முட்டி மடங்காத அம்மா முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வெள்ளித் தொட்டிக்குள் மணிக்கட்டு வரைக்கும் கை. பாலும் தண்ணீரும் வில்வமும் பூவுமாக நிறைந்து கிடக்க, அந்த ஈரத்துக்குள் சாமி மேல் உள்ளங்கையைப் பதித்தபடி, வீட்டில் அப்பாவிடம் பேசுகிற குரலில், "வந்துட்டமுங்க" என்றார். சாமியிடம் சொன்னாரா, அப்பாவிடம் சொன்னாரா, தெரியவில்லை. காவலர் தோளைத் தட்டினார். அம்மா நகரவில்லை. அவர் ரெண்டாவது தடவை தட்டக் கையை ஓங்கிவிட்டு, என்ன நினைத்தாரோ, கையை இறக்கிக்கொண்டு பின்னால் வந்தவர்களைத் தடுத்தார். அது பத்து விநாடி இருக்குமா? என் கண்ணுக்கு அப்புறம் எதுவும் தெரியவில்லை, தண்ணீர் மறைத்துவிட்டது. விசுவநாதா, நான் உன்னைச் சரியாகப் பார்க்கவே இல்லை. பரவாயில்லை. எங்கம்மா பார்த்தார், தொட்டார், எனக்கு அது போதும்.

வெளியே வந்தும் அந்தக் கையை அம்மா முந்தானையில் துடைக்கவில்லை. அன்னபூரணி சன்னதி வரைக்கும் ஈரக் கையை முன்னால் நீட்டியபடியே நடந்தார்.

விசாலாட்சி, கேதாரேஸ்வரர் எல்லாம் நல்ல தரிசனம். காசியில் விட வேண்டியதற்கு நான் பாகற்காயைச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கினேன், பிடிச்சதைத்தான் விட வேண்டுமாம். அம்மா சீத்தாப்பழத்தை விட்டார். வட நாட்டு நவராத்திரி நடந்துகொண்டிருந்ததால் சந்து முழுக்க விரதக்காரர்களுக்கு ஜவ்வரிசிக் கிச்சடி. அம்மா ஒரு தொன்னை வாங்கி, ஒரு ஜவ்வரிசியை விரலால் நசுக்கிப் பார்த்து, "நம்மூரு சரக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

திரும்பும்போது விமானம். ஈயம் வைத்து அடைத்த கங்கைச் சொம்பை விமான நிலையத்தில் பெட்டிக்குள் போடச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாறுகிற இடத்தில், "அது இந்த வண்டிக்கு மாறியிருக்குமா?" என்று நாலு தடவை கேட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. போக மூன்று நாள் ஆன தூரத்தை இடைக் காத்திருப்போடு ஆறு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். அந்த ஆறு மணி நேரமும் அவருக்கு நிம்மதி இல்லை. கோவையில் பெல்ட்டில் பெட்டி வந்ததும் அங்கேயே தரையில் வைத்துத் திறந்து, சொம்பைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் சிரித்தார். வழியில் அவிநாசியில் நிறுத்தச் சொல்லி, அவிநாசியப்பரையும் கும்பிட்டுவிட்டுத்தான் வீடு வந்தோம்.

முடிச்சு இருந்த இடத்தில் இப்போது சொம்பு இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போக வேண்டும். மாமா மறுபடி நோட்டை எடுத்துவிட்டார். புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலா, இல்லை காரா என்று கணக்கு ஓடுகிறது.

"எதுல வேணாப் போலாம்" என்றார் அம்மா. "சொம்பு மட்டும் என்ற மடீல இருக்கோணும்."