மூன்று மாதம் பெயரில்லாத இளவரசன்

டென்மார்க்கில் பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சட்டம் ஆறு மாதம் தருகிறது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்கும்போதே பெயரையும் சொல்லிவிடுகிற எங்களுக்கு இது பெரிய புதினம். 2005 ஒக்டோபர் 15இல் அப்போதைய பட்டத்து இளவரசர் பிரெடெரிக்குக்கும் அவர் மனைவி மேரிக்கும் மூத்த மகன் பிறந்தான். எங்கள் மகளும் அந்த இலையுதிர்காலத்துப் பிள்ளைதான். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில், "பேர் வச்சாச்சோ பிள்ளை?" என்று நெருக்கிக்கொண்டிருக்க, இங்கே இளவரசனே பெயரில்லாமல் கிடந்தான்.

அதிலும் வேடிக்கை, அவன் பெயர் எல்லோருக்கும் தெரியும். 1513இல் ஆட்சிக்கு வந்த இரண்டாம் கிறிஸ்தியானுக்குப் பிறகு டென்மார்க் அரசர்கள் பிரெடெரிக், கிறிஸ்தியான் என்று மாறிமாறியே வந்திருக்கிறார்கள். சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்று பட்டம் மாற்றிக்கொண்ட மாதிரி. தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை கட்டிய 1620இல் இருந்தவர் நான்காம் கிறிஸ்தியான். 1845இல் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபோது இருந்தவர் எட்டாம் கிறிஸ்தியான். இந்த வரிசையில் பெண்ணாக வந்தவர் இரண்டாம் மார்கிரேத. அவர் தன்னை ஒரு கிறிஸ்தியானின் இடத்தில் வைத்துக்கொண்டு மகனுக்குப் பிரெடெரிக் என்று வைத்தார். ஆகவே பேரன் கிறிஸ்தியானாகத்தான் இருக்கவேண்டும். ஆனாலும் 2006 ஜனவரி 21இல், கிறிஸ்தியான்ஸ்போர்க் அரண்மனைத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும்வரை அரண்மனை வாய் திறக்கவில்லை. கிறிஸ்தியான் வால்டெமார் ஹென்றி ஜோன். ஹென்றி அப்பாவின் தகப்பன், ஜோன் மேரியின் தகப்பன். இரண்டு பக்கத்துப் பாட்டன்மாரையும் சமாளித்துவிட்டார்கள்! எங்கள் வீட்டில் அந்தப் பஞ்சாயத்து முடிய இன்னும் நாள் எடுத்தது.

எங்களுக்கு வேறொரு திகைப்பும் இருந்தது. பிறப்பும் பெயரும் இங்கே திருச்சபை அலுவலகத்தில்தான் பதிவாகும், சைவப் பிள்ளையாக இருந்தாலும். (தென் யூலாந்தில் மட்டும் நகரசபை.) விநாயகர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, நட்சத்திர எழுத்துப் பார்த்துத் தெரிந்த பெயரைத் தேவாலய அலுவலகத்துக்கு அனுப்பினோம். அம்மாவுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த நான் முயலவேயில்லை.

அரச குடும்பத்துப் பெயர்களில் எனக்குப் பிடித்தது பின்னால் ஒளிந்திருக்கும் பெயர்கள். முன்பெயர் குடும்பத்துக்கு என்றால், பின்பெயர் ஆட்சிக்கு. 1940 ஏப்ரல் 9இல் ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் வந்தது. 16ஆம் தேதி மார்கிரேத பிறந்தார். அப்போது அவருடைய பாட்டன் பத்தாம் கிறிஸ்தியான் ஐஸ்லாந்துக்கும் அரசர். அதனால் குழந்தையின் பெயர்களில் தோர்ஹில்டுர் என்று ஓர் ஐஸ்லாந்துப் பெயரும் சேர்ந்தது. நான்கு ஆண்டில் ஐஸ்லாந்து குடியரசாகிப் பிரிந்துபோய்விட்டது. பெயர் அப்படியே இருக்கிறது. 2011 ஜனவரி 8இல் பிரெடெரிக்குக்கு இரட்டைப் பிள்ளைகள். ஏப்ரலில் ஹொல்மன்ஸ் தேவாலயத்தில் பெயர் சொன்னார்கள்: வின்சென்ட், யோசெஃபினே. வரிசைக் கடமையை மூத்தவன் சுமப்பதால் இவர்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம். ஆனால் பின்னால் பாருங்கள்: மினிக், இவாலோ. இரண்டும் டென்மார்க் முடியாட்சிக்குள் இருக்கிற கிரீன்லாந்தின் பெயர்கள். அது அன்பா, அரசியலா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன். கிரீன்லாந்தைப் பற்றி உலகம் கதைக்கிற இந்த நாட்களில் அந்த இரண்டு பெயர்களும் சும்மா வைத்தவை போலத் தெரியவில்லை.

2024 ஜனவரி 14இல் மார்கிரேத முடி துறந்து பத்தாம் பிரெடெரிக் அரசரானபோது மகளும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். அடுத்தவர் பதினோராம் கிறிஸ்தியான், அதில் பந்தயம் கட்ட ஒன்றுமில்லை. அவருக்கு மூத்தது பெண்ணாகப் பிறந்தால்? அரசுரிமை பற்றிய 2009 வாக்கெடுப்புக்குப் பிறகு மூத்தவள் இருக்கத் தம்பி முந்த முடியாது. "மூன்றாம் மார்கிரேத" என்றேன் நான். "பிரெடெரிக்கா என்று ஒரு பெயர் இருக்குதுதானே அம்மா" என்றாள் அவள். யார் வென்றார்கள் என்று தெரிய, எப்படியும் ஞானஸ்நானம்வரை பொறுக்கவேண்டும்.