பாம்பனிலிருந்து குடிவழி ஆய்வாளர் சான்றிதழ் வரை

குடிவழி ஆய்வு, அதாவது ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேடி நிறுவும் வேலை செய்ய நம் நாட்டில் உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்து, தம் முன்னோரைத் தேடி இந்தக் கடற்கரைக்கு வருகிறவர்கள் ஆய்வைக் கூலி கொடுத்து ஒப்படைக்கும்போது, செய்பவரின் தகுதியைக் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். அதனால்தான் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன்.

ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகம் இணையவழியில் முதுநிலைப் பட்டம் வரை கற்பிக்கிறது. அமெரிக்காவில் ஐகேப்ஜென் என்ற அமைப்பு வட்டார வாரியாகத் தேர்வு வைக்கிறது. அதே நாட்டில் 1964இல் தொடங்கப்பட்ட குடிவழி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியத்தில் தேர்வு கிடையாது. நம் ஆய்வுகளைத் தொகுத்து அனுப்பினால் நடுவர்கள் தனித்தனியே படித்து மதிப்பிடுகிறார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் இதைத் தேர்ந்தேன்.

தொகுப்பில் ஆவணத்தைப் படியெடுத்து அலசும் பகுதி, பிறருக்காகச் செய்த ஆய்வறிக்கை, மூன்று தலைமுறை உறவை நிறுவும் குடிவழி எல்லாம் உண்டு. என் காலத்தை விழுங்கியது, முரண்படும் சான்றுகளைத் தீர்த்துக் காட்டும் பகுதிதான்.

எங்கள் வீட்டு ஜெபப் புத்தகத்தின் ஓரத்தில் ஓட்டனார் (பூட்டனாரின் தகப்பனார்) இறந்தது ‘ரக்தாட்சி வருடம் ஆடி மாதம்’ என்று எழுதியிருக்கிறது. அறுபது ஆண்டுச் சுழற்சியில் அது 1864ஆகவும் இருக்கலாம், 1924ஆகவும் இருக்கலாம். எங்கள் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேட்டில் இரண்டு ஆண்டுகளிலும் அதே பெயரில் ஒருவர் இருந்தார்! பின்பெயரும் உதவவில்லை; இக்கரையில் பர்னாந்து என்பது ஊர்ப்பாதிக்கு உண்டு.

வழி திறந்தது பத்திரப்பதிவு அலுவலகத்தில். அப்போது கணினியில் அவ்வளவு பழைய பத்திரங்கள் இருக்கவில்லை. மனுக் கொடுத்து, அட்டவணைப் புத்தகங்களைத் தேடவைத்து நகல் வாங்கினேன். 1908ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்றில் எங்கள் பூட்டனாரைக் ‘காலஞ்சென்ற’ இன்னார் மகன் என்று எழுதியிருந்தார்கள். தகப்பனார் 1908லேயே உயிரோடு இல்லையென்றால் 1924 அடிபட்டுப் போகிறது. ஆனால் அந்தப் பத்திரத்துக்காரர் எங்கள் பூட்டனார்தானா? செக்குபந்தியில், அதாவது சொத்தின் நான்கு எல்லை விவரத்தில் கண்ட அண்டை வீட்டாரின் பெயர்களை இன்றும் எங்களிடமுள்ள வீட்டு மனையின் பழைய பத்திரங்களோடு ஒப்பிட்டேன். பூட்டனாரின் ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாயாக நின்றவரும் அந்த அண்டை வீட்டுப் பெண்தான். இவ்வளவையும் ஒன்றோடொன்று கோத்துக் காட்டிய பிறகே 1864 என்று எழுதினேன்.

வாரியம் கேட்பதும் இதைத்தான்: இயன்றவரை முழுமையான தேடல், ஒவ்வொரு தகவலுக்கும் மூலக் குறிப்பு, சான்றுகளை அலசி ஒப்பிடல், முரண்களைத் தீர்த்தல், தெளிவாக எழுதிய முடிவு. பாட்டிமார் சொல்லும் வழிவழிச் செய்தியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அதைத் தேடலின் தொடக்கமாகத்தான் வைக்க முடியும்.

இம்முயற்சியில் இறங்குகிறவர்கள் தமிழ் எண்களையும் பழைய கையெழுத்தையும் முதலில் பழகிக்கொள்ளுங்கள். கீழக்கரைக் குடும்பங்களை ஆய்வதானால் அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழும் இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கும் வேண்டும். பங்குப் பதிவேடுகளுக்குக் கொஞ்சம் லத்தீன் கைகொடுக்கும். பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, பூசை இல்லாத நேரத்தில் போங்கள்.

சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்குத்தான் செல்லும். புதுப்பிக்கவும் புதிய ஆய்வை அனுப்ப வேண்டும். அதற்காக மன்னாருக்குப் பிழைக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட ஒரு குடும்பத்தின் கிளையை இப்போது எடுத்திருக்கிறேன்.